நாவடியில் ஒரு நூல்

பச்சிளங்குழந்தை பால் குடிக்காமல் அழுதால் நம் வீடுகளில் முதலில் எழும் சொல், "தாய்க்குப் பால் பற்றவில்லை" என்பதே. அதைச் சொல்ல எவரும் தயங்குவதில்லை. பக்கத்து வீட்டார் சொல்வர். பூசை முடிந்து கோவில் வாசலில் நலம் விசாரிப்போர் சொல்வர். சம்பந்தி வீட்டார் வாய்திறந்து சொல்லாவிடினும் முகத்தால் உணர்த்துவர். பிள்ளை பெற்ற பத்தாம் நாளில், உடலும் உள்ளமும் நைந்து கிடக்கும் ஒரு பெண்ணின்மீது சுமத்துவதற்கு இதைவிடக் கொடிய பழி வேறு உண்டோ என்று நாங்கள் எண்ணிப் பார்ப்பதுண்டு. பலவேளைகளில் அப்பழி உண்மையுமன்று. தாயிடம் பால் இருக்கும். அதை எடுக்கக் குழந்தையால் இயலாதிருக்கும். அதற்குரிய காரணங்களுள் ஒன்று குழந்தையின் நாக்குக்கு அடியில், தூக்கிப் பார்த்தாலன்றித் தெரியாத இடத்தில், நூல்போல் ஒட்டிக் கிடக்கிறது. அதனைப் பற்றியே எழுத முற்படுகிறோம்.

கண்ணாடிமுன் நின்று நாக்கை உயர்த்திப் பார்த்தால், அதன் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று வாயின் அடித்தளத்தோடு நாக்கை இணைத்திருப்பது தெரியும். எல்லாருக்கும் உள்ளதுதான் இது. லத்தீன் மொழியில் இதனைப் 'பிரேனுலும்' என்பர். சிறு கடிவாளம் என்று பொருள். பொருத்தமான பெயரே. சில குழந்தைகளுக்கு இக்கடிவாளம் குட்டையாகவோ, நாக்கின் நுனிவரை ஒட்டியோ அமைந்துவிடுகிறது. அப்போது நாக்கு கீழீற்றைத் தாண்டி நீளாது; மேலண்ணத்தைத் தொட எழும்பாது. இதனை நாக்கு ஒட்டு என்கிறோம். ஆண் குழந்தைகளிடம் சற்று மிகுதியாகக் காணப்படும். குடும்பவழியாகத் தொடர்வதும் உண்டு. இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் நகர மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 1,866 குழந்தைகளைச் சோதித்து, 201 குழந்தைகளிடம் இதனைக் கண்டனர். அந்த 201 பேரில் பால் குடிப்பதில் தொல்லைப்பட்டவர்கள் 88 பேரே. இவ்விரண்டாவது எண்ணை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அது தேவைப்படும்.

குழந்தை பால் குடிப்பதைக் காம்பை உறிஞ்சுவது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் காம்பை மட்டும் கவ்வும் குழந்தைக்குப் பால் கிடைப்பதில்லை. வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதியையும் உள்வாங்கி, நாக்கைக் கீழீற்றின்மேல் நீட்டிக் கிண்ணம்போல் குழித்து ஏந்த வேண்டும். பின்னர் நாக்கின் நடுப்பகுதி தாழும்போது வாயினுள் வெற்றிடம் உண்டாகிப் பால் பாய்கிறது. நாக்கு கட்டுண்டிருந்தால் ஏந்துவதற்கு ஒன்றுமில்லை; குழந்தை ஈறுகளால் கடித்துத் தொங்குகிறது. தாய்க்குப் புண், பிள்ளைக்குப் பசி. மார்பில் பால் தேங்கிக் கட்டிக்கொள்கிறது. தேங்கிய பால் வெளியேறாதபோது சுரப்பும் குறைகிறது. சில வாரங்களில், "பால் பற்றவில்லை" என்று முதலில் பொய்யாகச் சொன்ன சொல் மெய்யாகிவிடுகிறது!

நாங்கள் சேர்வராயன் மலையில் வெள்ளக்கடையில் வாழ்பவர்கள். ஏற்காட்டுக்கு வருவோர் ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்புவர். எங்கள் ஊர்வரை வருவோர் சிலரே. 2018 டிசம்பரில், காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில், எங்கள் மகள் தலைப்பிள்ளையைப் பெற்றாள். சேலத்தில் பிறந்த பேரன் நான்காம் நாள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மலையேறி வந்தான். பிறக்கும்போது 2 கிலோ 900 கிராம் எடை, கைகால் குறையொன்றுமில்லை. கம்பளியில் சுற்றி, கணப்புச் சட்டியைக் கட்டிலிலிருந்து எட்ட வைத்து, குளிருக்கு அஞ்சிக் காத்தோம். நாங்கள் அஞ்சியிருக்க வேண்டியது குளிருக்கன்று என்பது போகப் போகத் தெரிந்தது.

ஒரு மணி நேரம் மார்பில் கிடப்பான், நடுவே உறங்கிவிடுவான், தொட்டிலில் இட்டதும் வீறிடுவான். குடிக்கும்போது 'டக், டக்' என்று நாக்கைத் தட்டுவதுபோல் ஓர் ஓசை எழும். கடைவாயில் பால் வழியும். பால் கொடுத்து எடுத்தபின் பார்த்தால், காம்பு சீவிய எழுதுகோலைப்போல் ஒருபுறம் சாய்ந்து நசுங்கியிருக்கும். ஆறாம் நாள் அது பிளந்து குருதி கசிந்தது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரில் மாட்டிய மாதா படத்தையே பார்த்தபடி பால் கொடுப்பாள். பிள்ளை அழத் தொடங்கினாலே அவளுடைய தோள்கள் நடுங்குவதைக் கண்டோம். பெற்ற பிள்ளையின் அழுகைக்கு ஒரு தாய் அஞ்சுவதைக் காண்பதைப்போல் வேதனை தருவது வேறில்லை.

சம்பந்தியம்மாள் நல்லவர். பேரன் வாடுவதைப் பொறுக்காமல் பால்மாவு டப்பா ஒன்றும் புட்டி ஒன்றும் வாங்கி வந்தார். கீழே ஒரு மருத்துவமனையில் காட்டியபோது, குழந்தையின் வாயைத் திறந்தும் பாராமல், "பால் போதவில்லை, மாவுப்பால் சேர்த்துக் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுத்தனர். பதினான்காம் நாள் எடை 2 கிலோ 700 கிராம். பிறந்தவுடன் குழந்தையின் எடை சிறிது குறைவது இயல்பே. ஆனால் இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடையை எட்டிப் பிடித்து, அதன்பின் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம்வரை ஏறவேண்டும்.

அன்று எங்கள் வீட்டிற்கு வந்தவர் கிராம சுகாதாரச் செவிலியர். எடைத் தராசைச் சுருட்டிப் பையில் வைத்தவர், மேசைமீதிருந்த டப்பாவைப் பார்த்தார். "ஆயா, டப்பாவைப் பிறகு பார்க்கலாம். பாப்பா எப்படிக் குடிக்கிறான் என்று முதலில் நான் பார்க்கணும்" என்றார். அறையில் கூடியிருந்த உறவினரையும் அயலாரையும் இன்முகத்தோடு வெளியே அனுப்பினார். பின்னர் தரையில் அமர்ந்து, இருபது நிமிடம், ஒரு வார்த்தையும் பேசாமல், பால் கொடுப்பதைத் தொடக்கமுதல் முடிவுவரை பார்த்தார். அதுவரை எங்கள் வீட்டில் எத்தனையோ பேர் அறிவுரை கூறினர். இப்படி அமர்ந்து பார்த்தவர் இவர் ஒருவரே.

முதலில் அவர் நாக்கைத் தொடவேயில்லை. குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு படும்படி திருப்பினார். மூக்கு காம்புக்கு நேரே வரும்படி தாழ்த்தினார். வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, மோவாய் மார்பில் அழுந்துமாறு சேர்த்தணைத்தார். பாதித் தொல்லைகள் இதிலேயே தீர்ந்துவிடும் என்றார். எங்கள் மகளுக்கு வலி சிறிது குறைந்தது; ஆனால் தீரவில்லை. அதன்பிறகே கையைச் சோப்பிட்டுக் கழுவி, சுண்டுவிரலை நாக்கின் அடியில் நுழைத்துப் பக்கவாட்டில் ஓட்டினார். விரலைத் தடுத்தது ஒரு நூல், முறுக்கிய தந்தியைப்போல். குழந்தை அழுதபோது எங்களுக்கும் காட்டினார்: திரு இருதயப் படத்தில் இருதயத்தின் மேற்புறம் காண்பதுபோல், நாக்கின் நுனி நடுவில் குழிந்து இருபுறமும் புடைத்திருந்தது. "உங்கள் பெண்ணுக்குப் பால் நிறைய இருக்கிறது ஆயா, இவனால்தான் எடுக்க முடியவில்லை" என்று அவர் சொன்னபோது, எங்கள் மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு நெடுநேரம் அழுதாள்.

மருத்துவரைக் காணும்வரை பிள்ளையைப் பட்டினி போடலாகாதன்றோ? பாலைக் கையால் பீய்ச்சிக் கொதிநீரில் இட்டெடுத்த கிண்ணத்தில் சேர்த்துப் பாலாடையால் புகட்டச் சொன்னார் செவிலியர். பரணில் கிடந்த பாலாடை கீழே இறங்கியது. எங்கள் மகளுக்கே ஒருகாலத்தில் பால் புகட்டிய அதே எவர்சில்வர் பாலாடை. குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்துச் சாய்த்தால், குழந்தை தானே நக்கியும் உறிஞ்சியும் குடிக்கும், வாயில் ஊற்றலாகாது. நம் பாட்டிமார் கையாண்ட இப்பாத்திரத்தை இந்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் புட்டியோடும் கிண்ணத்தோடும் ஒப்பிட்டு ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டனர், பாலாடையே முந்தியது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் இன்றும் இதைக்கொண்டு பால் புகட்டுகின்றனர்.

புட்டியை நாங்கள் இவ்வளவு அஞ்சுவதேன் என்று நகரத்து வாசகர்கள் கேட்கலாம். விடியுமுன் காப்பித் தோட்டத்திற்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஊற்றுநீர், விறகடுப்பு, புட்டியைக் கழுவ ஒரு சிறுமி. சரியாகக் கொதிக்காத நீரும், விலைக்கு அஞ்சி நீர்க்கக் கரைத்த மாவும் வயிற்றுப்போக்கைத் தருவதற்கு ஒரு வாரம் போதும். உலகின் பல ஏழை நாடுகளில் இதுவே நடந்தது. 1976-இல் அமெரிக்காவில் திரு இரத்தத்தின் சகோதரிகள் என்னும் நம் கன்னியர் சபையினர், தாங்கள் பங்கு வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் மீதே, ஏழை நாடுகளில் அது பால்மாவு விற்கும் முறையை முன்னிட்டு வழக்குத் தொடுத்தனர். 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, 118 நாடுகள் ஆதரிக்க ஒரேயொரு நாடு எதிர்க்க, இவ்விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும் பால்மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. தாய்ப்பால் கொடுக்க மெய்யாகவே இயலாத தாய்மார் உண்டு. அவர்களுக்கு மருத்துவர் சொற்படி மாவுப்பால் கொடுப்பது குற்றமன்று, அவர்களைப் பழிப்பதுதான் குற்றம்.

பதினாறாம் நாள் சேலத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் சென்றோம். அவரும் முதலில் பால் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார். பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா, குடும்பத்தில் எவருக்கேனும் குருதி உறையாத நோய் உண்டா என்று வினவினார். பின்னர் குழந்தையைத் துணியால் இறுகச் சுற்றினர். செவிலி தலையை அசையாமல் பிடித்தார். மருத்துவர் நாக்கை உயர்த்தி, மொண்ணை முனையுடைய கத்தரியால் அச்சவ்வை ஒருமுறை நறுக்கினார். அரை நிமிடமும் ஆகவில்லை. தடுப்பூசிக்கு அழுத அளவுகூட அவன் அழவில்லை. இரண்டு மூன்று சொட்டுக் குருதி. சுத்தமான துணியால் சிறிது அழுத்தம். உடனே தாயின் மடி. மகள் வழக்கம்போல் கண்களை இறுக மூடி வலிக்காகக் காத்திருந்தாள். சிறிது நேரத்தில் கண்ணைத் திறந்து, "அம்மா, கடிக்கவில்லையே!" என்றாள்.

அன்றே எல்லாம் சீராயிற்று என்று எழுதினால் அது பொய்யாகும். பதினாறு நாள் தவறாகக் குடித்துப் பழகிய வாய் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. புண் ஆற ஒரு வாரம் ஆயிற்று. பாலாடையும் சில நாட்கள் துணைக்கிருந்தது. ஆனால் அடுத்த வாரம் தராசு 220 கிராம் கூடுதல் காட்டியது. நாக்கின் அடியில் நறுக்கிய இடத்தில் சில நாட்கள் வெண்படலம் தோன்றும். அது சீழன்று, புண் ஆறுவதன் அடையாளம் என்று மருத்துவர் முன்னரே சொல்லியிருந்தார். அதைச் சுரண்டுவதோ, வசம்பு, தேன், மஞ்சள் என எதையேனும் தடவுவதோ கூடாது. ஒரு வயதுக்கு முன் தேன் எக்காரணத்திற்கும் ஆகாது. சேனை வைக்கும் வழக்கமுள்ள வீட்டார் பொறுத்தருள்க.

2019 சனவரியில், ஆண்டவரின் திருமுழுக்கு விழாவன்று, பேரனுக்குத் திருமுழுக்கு நிகழ்ந்தது. பங்குத்தந்தை அவனுடைய செவிகளையும் வாயையும் தொட்டு 'எப்பத்தா' சடங்கை நிறைவேற்றியபோது எங்களுக்குக் கண் கலங்கிற்று. மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், காதுகேளாத, பேச நாத்தடுமாறிய மனிதரின் நாவைத் தொட்டு அதன் கட்டை அவிழ்க்கிறார் ஆண்டவர். அதற்குமுன் அவரைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் செல்கிறார். பலமுறை கேட்ட வாசகம்தான். அறையிலிருந்தோரை வெளியே அனுப்பிய செவிலியரைக் கண்டபின் அச்சிறு குறிப்பு எங்கள் மனத்தில் தங்கிவிட்டது. சடங்கின் நடுவே பசித்தழுத பிள்ளைக்கு மகள் பெஞ்சிலேயே முந்தானையால் மூடிப் பால் கொடுத்தாள். திரும்பிப் பார்த்தவர்கள் சிலர். 2014-இல் இதே விழாவன்று, வத்திக்கானின் சிஸ்டின் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்த மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், பிள்ளை பசித்தால் அங்கேயே பால் கொடுக்கத் தயங்கவேண்டாமெனத் தாய்மாரிடம் சொன்னதை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

இச்சிகிச்சை புதியதன்று. ஐரோப்பாவில் முற்காலத்து மருத்துவச்சிகள் இதற்கென்றே ஒரு விரல் நகத்தை நீளமாக வளர்த்து வைத்திருந்தனர் எனப் பழைய குறிப்புகள் கூறுகின்றன. கேட்கவே உடல் கூசுகிறது. 1601 செப்டம்பர் 27-இல் பிரான்சு நாட்டு அரசருக்குப் பட்டத்து மைந்தன் பிறந்தான். பால் குடிக்கத் தடுமாறியதைக் கண்டு வாயைத் திறந்து பார்த்தபோது நாக்கு ஒட்டு தெரிந்தது. கீய்மோ என்னும் அறுவை மருத்துவர் அதனை நறுக்கினார். அரண்மனை மருத்துவர் எரோவார் இதனை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அக்குழந்தையே பின்னாளில் 1638-இல் தம் நாட்டைத் தேவதாய்க்கு ஒப்புக்கொடுத்த பதின்மூன்றாம் லூயி. அவர் வளர்ந்தபின் திக்கித் திக்கியே பேசினார் என்பதும் வரலாறு. நாக்கை நறுக்கினால் திக்குவாய் வராது என்று நம் பக்கத்தில் சொல்வோர் இதனைக் கவனிக்க.

இனி, முன்னர் நினைவில் கொள்ளச் சொன்ன எண்ணுக்கு வருவோம். நாக்கு ஒட்டுள்ள 201 குழந்தைகளுள் 113 பேர் தொல்லையின்றிப் பால் குடித்தனர். தொல்லைப்பட்டவருள் 57 பேரை அம்மருத்துவர்கள் இரு பிரிவாக்கினர்: உடனே நறுக்கப்பட்ட 28 பேரில் 27 பேர் தேறினர், ஆலோசனை மட்டும் பெற்ற 29 பேரில் ஒருவரே தேறினார். இதைப் படித்தால் எல்லா நாக்கையும் நறுக்கத் தோன்றும். அப்படித்தான் தோன்றவும் செய்தது. அமெரிக்க மருத்துவமனைகளில் 1997-இல் 3,934 குழந்தைகளுக்குச் சொல்லப்பட்ட இக்குறை, 2012-இல் 32,837 குழந்தைகளுக்குச் சொல்லப்பட்டது. பதினைந்து ஆண்டுகளில் குழந்தைகளின் நாக்கு எட்டு மடங்கா ஒட்டிக்கொண்டது? பிரேசில் நாடு 2014-இல் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் நாக்குச் சோதனையைச் சட்டமாக்கியது. லேசர் கருவி வந்தது. அதனோடு கட்டணமும் வந்தது.

2017-இல் காக்ரேன் மருத்துவ ஆய்வுக் குழுவினர் 302 குழந்தைகளைக் கொண்ட ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துச் சீர்தூக்கினர். நறுக்குவதால் தாயின் காம்பு வலி முதற்சில வாரங்களில் குறைகிறது. குழந்தை பால் குடிப்பதில் எல்லா ஆய்வுகளிலும் ஒத்த நன்மை தெரியவில்லை என்றனர். 2024-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், நாக்கு ஒட்டுள்ள குழந்தைகளுள் பாதிக்கும் குறைவானவருக்கே பால் குடிப்பதில் இடர் உண்டாகிறது என்றும், முதலில் பால் கொடுக்கும் முறையைச் சரிபார்த்துத் துணைசெய்ய வேண்டும் என்றும் அறிக்கை வெளியிட்டது. வெள்ளக்கடையில் தரையில் அமர்ந்து இருபது நிமிடம் பார்த்த எங்கள் செவிலியர் 2018-லேயே செய்தது இதைத்தான்; அவர் அவ்வறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை.

ஆகவே பால் கொடுக்கும்போது தாய்க்கு வலி நீங்காதிருந்தாலும், எடை ஏறாவிட்டாலும், முதல் வாரத்திற்குப் பின் நாளொன்றுக்கு ஆறுமுறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலும் காலந்தாழ்த்தாமல் செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்டுக. அவர்கள் பால் கொடுப்பதைப் பார்க்காமலே நாக்கை நறுக்கச் சொன்னால், பார்க்கும்படி கேட்பதற்குக் கூசவேண்டாம். பால் கொடுப்பதைப் பார்க்காமலே டப்பாவை எழுதிக் கொடுத்தாலும் அப்படியே.

எங்கள் மகளுக்கு 2022-இல் பெண் குழந்தை பிறந்தது. குடும்ப வழக்கத்தை விடாமல் அவளும் நாவடியில் நூலோடு வந்தாள். சம்பந்தியம்மாள் இம்முறை டப்பா வாங்கவில்லை, "எப்போது சேலம் போய் நறுக்குவது?" என்று கேட்டார். அதே செவிலியர் வந்து, அதேபோல் அமர்ந்து பார்த்தார். பேத்தி வாயை அகலத் திறந்து கவ்வினாள், ஓசையின்றிக் குடித்தாள், பதினைந்து நிமிடத்தில் தானே வாயை எடுத்துக்கொண்டு உறங்கினாள். தாய்க்கு வலியில்லை, பத்தாம் நாளே பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள். "இந்த நூல் இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் காப்பி குடித்துக் கிளம்பினார்.

அது இன்னும் இருக்கிறது. பேத்தி இப்போது நாளெல்லாம் பேசுகிறாள். வாழைப்பழத்தை மட்டும் 'வாளப்பளம்' என்கிறாள். நாக்கு ஒட்டால்தான் ழகரம் வரவில்லை என்று ஊரில் சிலர் சொல்கின்றனர். அவர்களையே அச்சொல்லைச் சொல்லச் சொன்னோம். நாக்கு ஒட்டு ஏதுமில்லாத அவர்களும் 'வாளப்பளம்' என்றே சொன்னார்கள்.